ஆறுதல் பரிசு

மத்தியானம் மூன்று மணி ஆனால் எங்கள் கடைவீதி சட்டென்று அமைதியாகிவிடும். கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைப்பார். ஜீப் ஸ்டாண்டில் அரட்டை நின்றுபோகும். எல்லார் கண்ணும் செல்போனில் இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் திருவனந்தபுரத்தில் லாட்டரி குலுக்கல் தொடங்கும்.

நான் லாட்டரி விற்கிறவள். வீடு நீலகிரியில், சேரம்பாடிக்குப் பக்கம். கடை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். நம் பக்கம் லாட்டரிக்குத் தடை. அங்கே அரசாங்கமே டிக்கெட் அச்சடித்து, அரசாங்கமே குலுக்கி, பரிசும் கொடுக்கிறது. காலையில் பஸ் ஏறி செக்போஸ்ட்டைத் தாண்டினால் என் தொழில் நியாயமான தொழில். சாயங்காலம் திரும்பும்போது விற்பதற்கென்று ஒரு டிக்கெட்டைக்கூட இந்தப் பக்கம் கொண்டுவந்ததில்லை.

அதற்கு முன்னால் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்ததில் முட்டி போயிற்று. தேயிலைக் காட்டில் ஏறி இறங்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? அப்போதுதான் இந்தக் கடை முதலாளி தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் எல்லாரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். டிக்கெட் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள். அவர்களிடம் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தேன்.

"எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிருவாங்களாமே?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே கிடையாது. எனக்கும் ஆரம்பத்தில் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, குலுக்கலை முதலிலிருந்து கடைசிவரை டிவியில் பார்த்தேன். ஒரு இயந்திரம். அதில் இலக்கங்கள் எழுதிய சக்கரங்கள் வரிசையாக இருக்கும். நடுவர்கள் என்று வெளியாட்கள் சிலரை உட்கார வைத்திருப்பார்கள். இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று முதலில் சும்மா சுற்றிக் காட்டுவார்கள். அப்புறம் பட்டனை அமுக்குவார்கள். சக்கரங்கள் சுற்றி நிற்க, எதிரே நிற்கிற எண்தான் பரிசு எண். அதைப் பார்த்த பிறகு, கேட்கிறவர்களிடம் என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்தது. ஒரு சக்கரத்துக்கு நம்மைத் தெரியாது, நம் கஷ்டமும் தெரியாது என்று சொல்வேன். சில பேருக்கு அது பிடிக்காது.

ஊர் உலகத்தில் எப்படியெல்லாம் லாட்டரி நடக்கிறது என்பதையும் கடையில் நின்றபடியே தெரிந்துகொண்டேன். லண்டனில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் லீவுக்கு வந்தால் எங்கள் கடைக்கு வராமல் போகமாட்டாள். அங்கே டிக்கெட்டில் எண் அச்சாகி வராதாம். எந்த எண்கள் வேண்டும் என்று நாமே குறித்துக் கொடுக்கவேண்டுமாம். மளிகைக் கடையில் பால் வாங்குகிற கையோடு அதையும் வாங்கிக்கொண்டு போவார்களாம். இன்னொரு தடவை மசினகுடியில் தங்கிவிட்டு வயநாடு போகிற வழியில் ஒரு ஸ்பெயின் தம்பதி கடை முன்னால் இறங்கினார்கள். தொங்குகிற டிக்கெட்டுகளைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெரிய குலுக்கல் நடக்குமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொரு எண்ணையும் பாட்டாகப் பாடுவார்களாம். ஒரே எண்ணை ஒரு தெருவே சேர்ந்து வாங்கிவிடுமாம். ஜீப் டிரைவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அந்த அம்மா நடுரோட்டில் நின்று அந்தப் பிள்ளைகள் மாதிரியே பாடிக் காட்டினார். கறிக்கடைக்காரர் கை தட்டினார்.

தெருவே சேர்ந்து ஜெயிப்பது நன்றாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரே வீட்டில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர் இருந்தார். சேரங்கோடு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிற வேலை. சின்ன வயதில் சிலோனிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். லாட்டரி வாங்குவது அவருக்கு அந்தக் காலத்துப் பழக்கம். சிலோனில் சுவீப் டிக்கெட் என்று விற்பார்களாம், அதை அப்பாவுக்காகப் போய் வாங்கி வருவாராம். இங்கே வந்த பிறகு தமிழ்நாட்டு லாட்டரி வாங்கினார். அதை நிறுத்தியதும் எல்லை தாண்டி வர ஆரம்பித்தார்.

"மூணு கவர்மெண்டுக்கும் சல்லி குடுத்துட்டேன் தங்கச்சி. ஒருத்தராவது திருப்பித் தரமாட்டாங்களா?" என்று சிரிப்பார்.

சம்பளம் வாங்கினால் ஒரு டிக்கெட். பெரிய பரிசுக் குலுக்கலான பம்பர் வந்தால் ஒரு டிக்கெட். அதற்கு மேல் ஒன்றுகூட வாங்கமாட்டார். ஆனால் கடைசி இரண்டு எண் இருபத்தேழாக இருக்கவேண்டும். சிலோனில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர் பிறந்த வீட்டின் கதவில் அந்த எண்தான் எழுதியிருந்ததாம். நானும் புதுக் கட்டு வந்தால் இருபத்தேழில் முடிகிற ஒன்றை அவருக்காக ஒதுக்கி வைப்பேன்.

அந்த வருஷம் மழைக்கால பம்பர். பம்பர் டிக்கெட்டில் ஒரு விஷயம் உண்டு. எண்ணுக்கு முன்னால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அதே ஆறு எண் வேறு வேறு எழுத்தோடும் அச்சாகும். எண்ணும் எழுத்தும் இரண்டும் பொருந்தினால்தான் முதல் பரிசு. எண் மட்டும் பொருந்தி எழுத்து வேறாக இருந்தால் ஆறுதல் பரிசு. கோடிகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கிடைக்கும்.

குலுக்கல் அன்றைக்கு விடாத மழை. முதல் பரிசு எண் இருபத்தேழில் முடிந்ததைப் பார்த்ததும் எனக்கு அண்ணன் நினைவுதான் வந்தது. அவருக்கு ஒதுக்கிய டிக்கெட்டின் முழு எண் எனக்கு நினைவில்லை. நான் போன் எடுப்பதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். பின்னால் ஒரே கூச்சல்.

"தங்கச்சி! அந்த நம்பரு எங்கிட்ட இருக்கு! ஆறும் அப்புடியே இருக்கு!"

"அண்ணா, எழுத்தைப் பாருங்க! நம்பருக்கு முன்னால ரெண்டு எழுத்து இருக்குமுங்க, அது என்னன்னு..."

லைன் போய்விட்டது. மழை பெய்தால் அவர்கள் பக்கம் டவர் கிடைக்காது.

சேட்டனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். முதல் பரிசு டிக்கெட்டை விற்ற கடைக்கும் பெரிய கமிஷன் உண்டு. எங்களுக்கு வந்த கட்டுகளில் எல்லா எழுத்தும் கலந்திருந்தது. அதனால் அண்ணன் கையில் இருப்பது எந்த எழுத்து என்று எங்களுக்கே தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். அப்புறம் டிவியில் சொன்னார்கள். முதல் பரிசு டிக்கெட் விற்றது தெற்கே, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மாவட்டத்தில்.

சேட்டன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியென்றால் அண்ணனுக்கு விழுந்தது ஆறுதல் பரிசு. அவருக்கு அது தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

"நாளைக்குப் பறையலாம், மழை நிக்கட்டும்" என்றார் சேட்டன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு டிரைவர் வேறொரு நாள் ரிசல்ட் வந்த பேப்பரைப் பார்த்து, தனக்குப் பரிசு விழுந்துவிட்டது என்று நம்பி, வேலையை விட்டுவிட்டார். உண்மை தெரிந்த பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் அந்தக் குடும்பமே ஊரைக் காலி பண்ணி மலையிலிருந்து கீழே போய்விட்டது. அந்த டிக்கெட்டை விற்றதும் நான்தான். என் தப்பு அதில் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் மனைவி பஸ் ஏறிய அன்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் குடையை எடுத்ததும் சேட்டன் எழுந்து வந்தார். "போறதாணெங்கில் ஒண்ணு ஓர்த்துக்கோ. பரிசு அடிச்ச டிக்கெட்டை வாங்கறதுக்குன்னே ஆளுங்க உண்டு. கள்ளப் பணம் வெச்சிருக்கிறவங்க. அந்த ஆளு டிக்கெட்டுக்குப் பின்னாலே ஒப்பு இட்டிருக்கானான்னு ஆத்யம் நோக்கு." ஒப்பு என்றால் கையெழுத்து; அது இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் பெயரெழுதிக் கையெழுத்துப் போடாத டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம் மாதிரிதான்.

பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நல்ல செய்தி போலவும் சொல்ல முடியாது, கெட்ட செய்தி போலவும் சொல்ல முடியாது. இறங்கி, முட்டி வலியோடு ஃபேக்டரி ரோட்டில் ஏறும்போது பட்டாசுச் சத்தம் கேட்டது. அந்த மழையிலும் யாரோ வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

லயத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் ரோஜா மாலை. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நெருக்கி உட்கார்ந்து, அவர் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே அண்ணனின் மகள்களைக் கட்டிய இரண்டு மருமகன்களும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். அடுப்படியில் அண்ணி, நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். டிக்கெட் அங்கேதான் இருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் அண்ணன் எழுந்தார். "இந்தா வந்துட்டா என் தங்கச்சி! இவ கையாலதான் வாங்குனேன்!"

"அண்ணா, கொஞ்சம் பின்னால வாங்க. அண்ணி, நீங்களும் வாங்க."

வெள்ளைச் சட்டைக்காரரும் எழுந்தார். "நீங்க இருங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை, அவர் உட்கார்ந்துவிட்டார்.

லயத்துக்குப் பின்னால் தகரத் தாழ்வாரத்தில் விறகு அடுக்கியிருந்தது. மூன்று பேரும் அங்கே ஒதுங்கினோம்.

"டிக்கெட்டைக் காட்டுங்க அண்ணி."

"இது கைய விட்டுப் போகக் கூடாது புள்ள" என்றார். வெளியே எடுத்தவர் இரண்டு விரலால் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டார். எழுத்தைப் பார்த்தேன். வேறு எழுத்துத்தான். பின்பக்கம் திருப்பச் சொன்னேன். கையெழுத்து இல்லை.

"அண்ணா, நான் சொல்றதை நிதானமாக் கேளுங்க. நம்பர் சரியா இருக்குதுங்க. ஆனா முன்னால இருக்கிற எழுத்து வேற. மொத பரிசு வேற ஊர்ல விழுந்திருக்குதுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப மொத பரிசு எனக்கு இல்ல."

"இல்லீங்கண்ணா."

"நெசமாத்தான்?"

"நெசமாத்தானுங்க." செல்போனில் நான் எடுத்து வைத்திருந்த ரிசல்ட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடி போடாமல் அதை உற்றுப் பார்த்தார். என்னை மறுபடி ஒரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். விழுந்துவிடுவாரோ என்று அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் மெதுவாக விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார். கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்தார்.

முதலில் பேசியது அண்ணிதான். "மாரியாத்தா! நல்லவேள!"

சொல்லிவிட்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். சின்ன மருமகன் டவுனில் வீடு வேண்டும் என்றாராம். மூத்தவளுக்குச் செய்யாமல் இளையவளுக்கு எப்படிச் செய்யலாம் என்று பெரிய மருமகன் எகிறினாராம். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு மத்தியானத்துக்குள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்களாம். கோயில் கமிட்டி ஆட்கள் வந்து கோபுரம் கட்டப் பணம் கேட்டுவிட்டுப் போனார்களாம். முன்பின் தெரியாதவர்கள் காலில் விழுந்தார்களாம். தாங்க முடியாமல்தான் போனை அணைத்து வைத்தாராம். அந்த வெள்ளைச் சட்டைக்காரர், டிக்கெட்டோடு உடனே காரில் ஏறுங்கள், கோயம்புத்தூரில் ரூம் போட்டிருக்கிறது, வரி பிடித்து அரசாங்கம் தருவதைவிட அதிகமாகவே தருகிறேன் என்று ஒரு மணி நேரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாராம்.

"இவர கார்ல ஏத்திட்டுப் போயி எங்கயாவது தள்ளிட்டா நான் யாருகிட்ட போயி கேப்பேன்?" என்றார் அண்ணி. "அதான் டிக்கெட்ட நான் குடுக்கல. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிட்டே இருந்துச்சி புள்ள."

அண்ணன் மாலையிலிருந்து ஒரு இதழைப் பிய்த்தபடி சொன்னார். "நாளைக்கி வேலைக்குப் போகணுமா வேணாமான்னே எனக்கு வெளங்கல தங்கச்சி. அத யாருகிட்ட கேக்குறது? கோடீஸ்வரன் பாய்லருக்கு வெறகு போடுவானா? போடாட்டி என்ன செய்வான்? உக்காந்து யோசிச்சேன், ஒண்ணும் வெளங்கல."

அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பாரம் இறங்கியது. "அண்ணா, மீதியைக் கேளுங்க. வெறுங்கையாப் போகலீங்க. ஆறுதல் பரிசு இருக்குது" என்று ஒரு லட்சத்தைச் சொன்னேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த வருஷம் அண்ணனுக்கு ரிட்டயர்மெண்ட். வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பந்தலூர் போகிற வழியில் கொஞ்சம் இடம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். சுவர் எழும்பி, கூரை போட வழியில்லாமல் அப்படியே நின்றுபோயிருந்தது. உள்ளே செடி முளைத்துவிட்டது என்று அண்ணி அடிக்கடி சொல்வார்.

"பிடித்தம் போக, கூரைக்குப் பத்துமா?" என்று கேட்டார் அண்ணன்.

"தகரம் போடறதுக்குத் தாராளமாப் பத்துமுங்க."

"அப்ப போதும்" என்றார். "அது எங்க கைக்கு அடங்குற சல்லி."

என் பையில் இருந்த பேனாவைக் கொடுத்து, டிக்கெட்டின் பின்பக்கம் அங்கேயே பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தேன். அண்ணி அப்போதும் முனையை விடவில்லை.

உள்ளே போய் அண்ணனே சொன்னார். மாலையைச் சாமிப் படத்துக்குப் போட்டுவிட்டு, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரர் தன் போனை எடுத்து ஒருமுறை சரிபார்த்தார். கையிலிருந்த டீயைக் குடிக்காமலே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் காருக்குப் போனார். சின்ன மருமகன் மட்டும் நம்பவில்லை. எழுத்தெல்லாம் ஒரு கணக்கா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பெரியவர்தான் அவர் தோளைப் பிடித்து, "விடுறா, அதான் சொல்றாங்கல்ல" என்று அழைத்துப் போனார். சின்ன மகள் மூலையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். மூன்று மணியிலிருந்து அவள் மனதில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கூட்டம் கலைய அதிக நேரம் ஆகவில்லை. வாங்கிய பட்டாசு நமத்துப் போகுமே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மீதியையும் வெடித்துத் தீர்த்தார்கள். இருட்டுவதற்குள் ஃபேக்டரி ஜீப்பில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வழியில் எனக்கு அப்படி ஒரு தூக்கம். டிரைவர் எழுப்பித்தான் இறங்கினேன்.

பணம் வாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. வேறு மாநிலத்துக்காரர் என்பதால் நோட்டரி கையெழுத்து, அடையாள அட்டை நகல், பேங்க் புத்தக நகல் என்று கேட்டார்கள். எல்லாம் சேர்த்து, மூவரும் பஸ் ஏறி, கேரளாவில் உள்ள மாவட்ட லாட்டரி ஆபீஸுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சமாசுவாச சம்மானம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணி கேட்டார். ஆறுதல் பரிசைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள் என்றேன். டிக்கெட்டை அவளிடம் விட்டுவிட்டு ரசீது வாங்கும்போது அண்ணியின் விரல் அந்த முனையிலிருந்து கடைசியாகத்தான் பிரிந்தது. வெளியே வந்ததும் அண்ணன் எங்கள் இருவருக்கும் பரோட்டா வாங்கித் தந்தார். அண்ணி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்.

பணம் பேங்கில் ஏற வாரக்கணக்கில் ஆயிற்று. ஏறியதும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு மருமகன்களும் ஒன்றாகத்தான் தகரத்தை மேலே ஏற்றினார்களாம். அவர்களுக்குள் பழைய மாதிரிப் பேச்சு இல்லை என்று அண்ணி சொன்னார், ஆனால் பேச்சு இருக்கிறது.

ஐப்பசியில் என்னை வீடு பார்க்கக் கூப்பிட்டார்கள். கடையை சேட்டனிடம் விட்டுவிட்டுப் போனேன். பூச்சு இன்னும் முடியவில்லை. தரை மண்தான். அண்ணி புது அடுப்பில் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் அண்ணன் ஏதோ சொன்னது காதில் விழவில்லை.

"என்னங்கண்ணா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பச் சொல்லவில்லை. சிரித்தபடி கையை மேலே காட்டினார். நானும் அண்ணாந்து ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை பார்த்தேன். எங்கேயும் ஒழுகவில்லை.